பட்டுச்சேலையும் இரண்டு பாகையும்

தெலுக் இந்தானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தனியாக ஓட்டினால் மோட்டார் நேராகப் போகிறது. மனைவியைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது மட்டும் வலப்பக்கம் இழுக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் டயரை மாற்றிப் பார்த்தார்கள், ஃபோர்க்கைப் பிரித்துப் பார்த்தார்கள்; காசு போனதுதான் மிச்சம். காலையில் அவரை வேலைக்கு ஏற்றிப் போகும்போது இந்தத் தொல்லை இல்லை. என்ன கோளாறு?"

மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. வேலைக்குப் போகும்போது அம்மையார் பஞ்சாபி சூட்டில் இருபக்கமும் கால் போட்டு உட்காருகிறார். கோயிலுக்கு என்றால் பட்டுச்சேலை. இரண்டு காலும் இடப்பக்கம் தொங்க, ஒருபக்கமாக உட்காருகிறார். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசத்துக்குள் அழகான விஷயம் ஒன்று இருக்கிறது.

தோட்டத்து லயத்தில் பொதுக்குழாய்த் தண்ணீர் சுமந்தவர்களுக்கு இது தெரியும். இடது இடுப்பில் குடம் ஏறினால் உடம்பு தானாக வலப்பக்கம் வளையும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. உடம்பும் குடமும் சேர்ந்த எடையின் மையம் பாதங்களுக்கு நேர் மேலே வந்தாக வேண்டும், இல்லையென்றால் குடத்தோடு விழ வேண்டியதுதான். மோட்டாரும் அப்படியே வளைந்துகொள்கிறது. (குடம் என்று மனைவியைச் சொன்னதற்கு எங்கள் வீட்டில் கண்டனம் வந்தது. நான் சொல்ல வந்தது இடுப்பு வளைகிற கணவரைப் பற்றி.)

கணக்கையும் போட்டுவிடலாம். கப்சாய் மோட்டார் 100 கிலோ, கணவர் 70, மனைவி 60 என்று வையுங்கள். உடம்பு எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கால்களில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கம் போட்டால் அவருடைய எடை மையம் 10 சென்டிமீட்டராவது இடப்பக்கம் போகும். மூன்று பேரையும் (மோட்டாரும் ஒரு ஆள்தான்) சேர்த்துப் பார்த்தால், மொத்த மையம் நகர்வது 2.6 சென்டிமீட்டர். மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அதைச் சக்கரத்துக்கு நேர் மேலே கொண்டுவர மோட்டார் வலப்பக்கம் 2 பாகை சாய்ந்தே ஓட வேண்டும்.

நம்பாவிட்டால், அடுத்த சித்ரா பௌர்ணமிக்குச் செட்டியார் கோயில் பக்கம் போகும் மோட்டார்களைப் பின்னாலிருந்து பாருங்கள். சேலையை விடுங்கள், நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பேராக் மாநில வண்டிகளுக்கே உரிய அந்த 'ஏ' எழுத்து லேசாக வலப்பக்கம் சரிந்திருக்கும். முன்னால் இருப்பவரின் முதுகும் கொஞ்சம் கோணியிருக்கும். பாதி வேலையை மோட்டாரும் மீதியை அவர் இடுப்பும் செய்கின்றன.

சரி, சாய்ந்தால் ஏன் இழுக்க வேண்டும்? மோட்டார் டயரின் குறுக்குவெட்டு உருண்டையானது. சாய்ந்ததும் தரையைத் தொடுவது நடுப்பகுதி அல்ல, வலது ஓரம். அங்கே ஓரத்தை நோக்கிப் போகப் போக டயரின் சுற்றளவு குறைகிறது. அதாவது அந்த இடத்தில் டயர் ஒரு கூம்பு. ஐஸ்கிரீம் கோனை மேசையில் உருட்டிவிட்டால் அது நேராகப் போகுமா? நுனிப் பக்கம் வட்டமடிக்கும். வாசகரின் இரண்டு டயர்களும் கோயில் போய்ச் சேரும்வரை அப்படி வட்டமடிக்கப் பார்க்கின்றன. அவர் கைகள் ஹேண்டிலை எதிர்ப்பக்கம் பிடித்துத் தடுத்துக்கொண்டே இருக்கின்றன. டயர் மாற்றினால் புது கோன் கிடைக்கும், வேறொன்றும் நடக்காது.

தெலுக் இந்தான்காரர்களுக்குச் சாய்வைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. 1885இல் கட்டிய மணிக்கூண்டு ஊர் நடுவில் சாய்ந்தே நிற்கிறது. வெளியிலிருந்து எட்டு மாடி, உள்ளே போனால் மூன்றுதான். மேலே தண்ணீர்த் தொட்டி, அடியில் இளகிய மண். இடுப்பில் குடம் வைத்தும் உடம்பை வளைக்கத் தெரியாதவர் அந்தக் கோபுரம். மோட்டாருக்கு ஹேண்டில் இருக்கிறது: எந்தப் பக்கம் விழப்போகிறதோ அந்தப் பக்கம் சக்கரத்தைத் திருப்பி, மையத்துக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

வளைவில் என்ன ஆகும்? 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் சாய்வு சுமார் 23 பாகை. மனைவி ஏறினாலும் இறங்கினாலும் இதே 23தான். எடை இந்தக் கணக்கில் வரவே வராது. பார்வைக்கு நம்ப முடியாத இந்த உண்மை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தால் அந்த 2 பாகை கணக்குக் கேட்க வந்துவிடும். இடது வளைவில் மோட்டார் 21 பாகை சாய்ந்தால் போதும், வலது வளைவில் 25 சாய வேண்டும். கப்சாயின் புகைக்குழாய் இருப்பது வலப்பக்கம்!

வரலாறு கேட்பவர்களுக்கு: சைக்கிள் ஏன் விழுவதில்லை என்பதற்கான சமன்பாடுகளை விப்பிள் என்ற ஆங்கிலேயர் 1899இல் எழுதினார். ஹோண்டா சூப்பர் கப் 1958இல் வந்தது. அந்தக் 'கப்'போடு சீனர்களின் 'சாய்' (குட்டி) சேர்ந்து நமக்குக் கப்சாய் ஆனது. போதும்.

சக்கரம் பம்பரம்போல் சுழல்வதால்தான் வண்டி நிற்கிறது என்று இன்னும் காணொளிகளில் அடித்துச் சொல்கிறார்கள். பம்பர விளைவை ரத்து செய்த ஒரு சைக்கிளைக் கட்டி, ஆளில்லாமல் உருட்டி, அது விழாமல் ஓடுவதை 2011இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வுக் குழு காட்டிவிட்டது. 2017இல் ஹோண்டா தானே நிற்கும் மோட்டாரைக் காட்டியபோது உலகமே கைதட்டியது. அதில் பம்பரம் இல்லை. முன்சக்கரத்தை நொடிக்கு நொடி திருப்பிச் சமாளிக்கிறது, நம் வாசகரின் கைகளைப் போல. பட்டுச்சேலையோடு ஒருவரைப் பின்னால் ஒருபக்கமாக உட்காரவைத்துக் காட்டட்டும், நானும் கைதட்டுகிறேன்.

நீரிணைக்கு அக்கரையில், அச்சேயின் லொக்சுமாவே நகரில், பெண்கள் மோட்டாரின் பின்னால் இருபக்கமும் கால் போட்டு உட்காரக் கூடாது என்று 2013இல் உத்தரவு வந்தது. காரணமாகச் சொன்னது ஒழுக்கம். நியூட்டனைக் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பார். திடீரென பிரேக் போட்டால், கால் போட்டு உட்கார்ந்தவருக்குத் தொடையின் பிடிப்பு இருக்கிறது. ஒருபக்கமாக உட்கார்ந்தவரை நிறுத்த சீட்டின் உராய்வும் கணவரின் இடுப்பும்தான்.

வாசகர் பின்குறிப்பாக இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: அர்ச்சனைத் தேங்காய்ப் பையை வலது கைப்பிடியில் மாட்டினால் சமமாகிவிடுமா? கைப்பிடி நடுவிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. சமமாக்க 20 கிலோ தேங்காய் வேண்டும். அதற்குள் பையே ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பிவிடும். தேங்காயை நடுக்கொக்கியில் மாட்டுங்கள். சேலையோடும் கால் போட்டு உட்கார முடியுமா என்பதை அம்மையாரிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் 'குடம்' என்ற சொல் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.