ஏணியின் முதல் படி

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படிக்கும் மருத்துவர்களுக்கு இனிமேல் பயிற்சி தருவதையே நிறுத்திவிடலாம் என்று 2016-ல் சொன்னார் செயற்கை நுண்ணறிவு முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன். கணிப்பு பலிக்கவில்லை; அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இன்றும் அந்த மருத்துவர்களுக்குப் பற்றாக்குறைதான். படம் படிப்பது அவர்கள் வேலையில் ஒரு பகுதி மட்டுமே என்பது கணிப்பு பொய்த்ததற்கு ஒரு காரணம். அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் இயந்திரமயத்தால் ஆபத்தில் இருப்பதாக 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு வேலையையும் அதன் பணிகளாகப் பிரித்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஓஇசிடி ஆய்வில் அது 9 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே, எத்தனை வேலைகள் போகும் என்பதைவிட, வேலைக்குள் எந்தப் பகுதி போகும் என்பதே முக்கியமான கேள்வி.

போவது புதிதாகச் சேர்பவர்களின் பகுதி என்பதே என் கவலை. செயற்கை நுண்ணறிவு அதிகம் நுழைந்துள்ள தொழில்களில், 2022 இறுதிக்குப் பின் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் சரிந்ததாக 2025-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு கூறியது. அதே தொழில்களில் இருக்கும் மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. ஏட்டில் எழுதப்பட்ட அறிவை இயந்திரம் எளிதில் கற்றுக்கொள்கிறது. அனுபவம் தரும் அறிவு அதற்கு எளிதில் வசப்படுவதில்லை.

ஏடிஎம் வந்தபோதும் இப்படித்தானே பயந்தோம் என்று கேட்கலாம். உண்மைதான், கிளை நடத்தும் செலவு குறைந்ததால் அமெரிக்க வங்கிகள் புதுக் கிளைகள் திறந்தன, காசாளர் எண்ணிக்கை பல ஆண்டுகள் குறையவே இல்லை. ஆனால் ஏடிஎம் பறித்தது பணம் எண்ணும் வேலையை. வாடிக்கையாளரிடம் பேசித் தொழில் பழகும் இடத்தை அல்ல. வட்டி உயர்வால்தான் ஆள் எடுப்பது குறைந்தது என்பது இன்னொரு வாதம். ஆனால் ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், ஒரே நிறுவனத்துக்குள் வயதுவாரியாக ஒப்பிட்டபோதும் இளையவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் இடையிலான அந்த இடைவெளி இருந்தது. ஒரு நாட்டின் ஓர் ஆய்வு இறுதித் தீர்ப்பாகாது. எச்சரிக்கையாக அது போதும்.

நம் பொறியியல் பட்டதாரிகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகும் ஃப்ரெஷர், டெஸ்டிங்கிலும் சிறு பிழைத் திருத்தங்களிலும்தான் தொழில் கற்றார். அந்தப் பணிகளையே இயந்திரம் செய்யும்போது, கற்பதற்கென்று தனியாக இடம் ஒதுக்க வேண்டும். தொழிற்சாலைகளுக்காக 1961-லேயே தொழில் பழகுநர் சட்டம் கொண்டுவந்த நாடு இது. அதன் உணர்வு மென்பொருள் அலுவலகங்களிலும் வேரூன்ற வேண்டும். அந்தப் பயிற்சிக்கான செலவை அரசும் நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளலாம். இயந்திரம் தந்த விடையில் தவறு கண்டுபிடிக்கக் கல்லூரிகள் பழக்க வேண்டும். இன்று ஃப்ரெஷர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் நிறுவனத்துக்கு, பத்தாண்டு கழித்து அந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க ஒரு மூத்தவர் தேவைப்படுவார். அவர் இன்றைய ஃப்ரெஷராகத்தான் இருக்க முடியும்.