மசக்கை மட்டும்தானா?

சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் எலும்புக்கு உறுதி தரும் என்று பாடத்தில் படிக்கிறோம். ஆனால் இரத்தத்தில் அது மிகுந்தால் தீங்கே விளையும். வாந்தி, மலச்சிக்கல், சோர்வு, தணியாத தாகம் ஆகியவை அறிகுறிகள். கருவுற்ற பெண்ணுக்கு இவை வந்தால், “மசக்கைதானே!” என்று வீட்டார் சும்மா இருந்துவிடுவதுண்டு.

பரிசோதனையும் சில வேளை ஏமாற்றும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் கால்சியம் இருப்பது இயல்பு. அதில் ஏறக்குறையப் பாதி, ஆல்புமின் முதலிய புரதங்களோடு ஒட்டியிருக்கும். கர்ப்பகாலத்தில் இரத்த நீர் பெருகி ஆல்புமின் செறிவு குறைவதால், மொத்த அளவும் குறைந்து தோன்றும். உண்மையான மிகுதி மறைந்துவிடும். எனவே, புரதத்தோடு ஒட்டாத அயனிக் கால்சியத்தை அளப்பதே நலம்.

அது மிகுந்திருந்தால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோனை அளப்பர். அது குறையாதிருந்தால் பெரும்பாலும் அச்சுரப்பிகளே காரணம். குறைந்திருந்தால், அளவுக்கு மீறிய வைட்டமின் ‘டி’ போன்ற வேறு காரணங்களைத் தேடுவர். அந்த ஹார்மோனைப் போன்றதொரு பொருள் பாலூட்டும் தாயின் மார்பகத்திலும் சுரக்கிறது. அரிதாக அதுவும் காரணமாகும்.

கண்டறியாமல் விட்டால், தாயிடமிருந்து மிகுதியாகப் பெற்றுப் பழகிய குழந்தைக்குப் பிறந்தபின் கால்சியம் குறைந்து வலிப்பு வரக்கூடும். ஆகவே தோழியரே, நம் அக்காவோ அண்ணியோ ஓயாத வாந்தியாலும் தாகத்தாலும் வாடினால், மசக்கை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்வோம். இரு உயிர்களைக் காப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி