பிப்ரவரி ஓசூர்: காலையில ஸ்வெட்டர், மதியம் ஃபேன். ஏன்?

போன வாரம் காலை அஞ்சரை மணிக்கு அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு பைக்ல போயிட்டிருந்தேன். ஹெல்மெட் கண்ணாடி முழுக்க பனி, கிளட்ச் பிடிக்கிற விரல் மரத்துப்போச்சு. அதே நாள் மதியம் ஆபீஸுக்கு வெளிய டீ குடிக்க நின்னா மண்டை காயுது. "மாசிப் பனி மச்சைத் துளைக்கும்"னு எங்க பாட்டி சொல்வாங்க. பனி சரி, அதே நாள்ல இவ்வளவு வெயில் எப்படி? இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல் காரணம் உயரம். ஓசூர் கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்துல இருக்கு. ஒரு கிலோமீட்டர் மேல போனா சராசரியா ஆறரை டிகிரி வெப்பம் குறையும். தளியை 'லிட்டில் இங்கிலாந்து'னு கூப்பிடுறதும் இந்த உயரத்தால வந்த குளுமைக்காகத்தான். சூளகிரி தாண்டி கிருஷ்ணகிரிக்கு இறங்கும்போது ஜெர்கினைக் கழட்டத் தோணுதுல்ல? அதே கணக்குதான்.

ரெண்டாவது காரணம் வானம். வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்ச பிறகு மேகம் குறைவு, காத்தும் வறண்டது. பகல்ல தடையில்லாம வெயில் அடிக்கும். ராத்திரி, நிலம் வாங்கின சூடு தடையில்லாம மேல போயிடும். மேகமும் ஈரப்பதமும் ஒரு போர்வை மாதிரி. இப்போ அந்தப் போர்வை இல்ல. குளிர்ந்த காத்து கனமானது, அதனால பள்ளத்துல போய்த் தேங்கும். ஏரிக்கரை ஓரமா போகும்போது திடீர்னு சில்லுனு அடிக்கிறது அதனாலதான்.

மூணாவது காரணம், பக்கத்துல கடல் இல்ல. ஸ்காட்லாந்துல லூயிஸ் தீவுல ஸ்டோர்னோவேனு ஒரு ஊர். பிப்ரவரியில அங்க சராசரியா பகல்ல 7 டிகிரி, ராத்திரி 2 டிகிரி. குளிர்தான், ஆனா வித்தியாசம் வெறும் 5 டிகிரி. சுத்தி இருக்கிற கடல் மெதுவாத்தான் சூடாகும், மெதுவாத்தான் ஆறும். நம்ம பக்கத்து ஊர் பெங்களூருல பகல்ல 30 கிட்ட, விடியற்காலையில 17 கிட்ட. அங்கயும் இங்கயும் அதைத் தாங்கிப் பிடிக்க கடல் இல்ல.

சரி, ஸ்வெட்டர் போட்டா முடிஞ்சுதேனு கேக்கலாம். ரோஜாச் செடிக்கு ஸ்வெட்டர் கிடையாதே!

பாகலூர் பக்கம் எங்க மாமாவுக்கு ஒரு பசுமைக்குடில் இருக்கு. காதலர் தினத்துக்கு சிவப்பு ரோஜா போகணும்னா டிசம்பர்லயே கவாத்து பண்ணணும். வெட்டின கிளையில இருந்து பூ வர ஏறக்குறைய 45 நாள். ராத்திரி குளிர் கூடினா வளர்ச்சி மெதுவாகும், வெயில் கூடினா மொட்டு சீக்கிரம் விரியும். விடியற்காலை இலையில ஈரம் தங்கினா அடிச்சாம்பல் நோய் வரும்.

ஒரு வருஷம் ஜனவரி முழுக்க குளிர் விடவே இல்ல. பிப்ரவரி 15 காலையில போய்ப் பார்த்தா குடில் முழுக்க சிவப்பு. வாங்கத்தான் ஆள் இல்ல. குடில் போட வாங்கின கடனுக்கு அத்தையோட வளையல் அடகுக்குப் போச்சு.

இப்போ மாமா மொத்தத் தோட்டத்தையும் ஒரே நாள்ல கவாத்து பண்றதில்ல. மூணு பங்காப் பிரிச்சு, சில நாள் இடைவெளி விட்டுப் பண்றாரு. குளிர் எப்படி இருந்தாலும் ஒரு பங்காவது தேதிக்கு வந்துடும். நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, ஸ்டேஜ்டு ரோல்-அவுட். நான் ஒரு புரொடக்‌ஷன் சர்வரைக் கவுத்துட்டுக் கத்துக்கிட்டதை, அவர் ஒரு அறுவடையை விட்டுக் கத்துக்கிட்டாரு.

அடுத்த தடவை பனியில வண்டி ஓட்டும்போது ஹெட்லைட்டை லோ பீம்ல வைங்க, மெதுவா போங்க. உங்க ஊர்ல மாசி எப்படினு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.