பழைய பந்தயக் கார்

சில நாட்களுக்கு முன் விற்பனை அறிவிப்பு ஒன்றைப் படித்தேன். 1980-களில் ஐரோப்பாவின் நெடுநேரப் பந்தயங்களில் ஓடிய கார் ஒன்று விலைக்கு வந்திருந்தது. அதன் பெருமைகளையெல்லாம் கூறிய பின், பழங்கார்ப் பந்தயங்களில் ஓடுவதற்கு ஆயத்தமாக உள்ளது என்று முடித்திருந்தார்கள். அந்தக் கடைசி வரிதான் என்னைச் சிந்திக்க வைத்தது. நாற்பது ஆண்டு முதிர்ந்த இயந்திரம் ஒன்று பந்தயத்திற்கு ஆயத்தமாக உள்ளது என்றால் அதன் பொருள் யாது?

பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 1923-இல் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயமே நெடுநேரப் பந்தயங்களுள் தலையாயது. அதில் ஓட்டுநர்கள் மாறி மாறி அமர்வார்கள், கார் மாறுவதில்லை. விற்பனைக்கு வரும் எந்தக் காரையும் தழுவாமல், இத்தகைய பந்தயத்திற்கென்றே அடிமுதல் புதிதாகச் செய்யப்படும் காரைப் 'புரோட்டோடைப்' என்பார்கள்.

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1982-இல் வெளியிட்ட 956 அவ்வகையைச் சேர்ந்தது. அதன் உடற்கூடு அலுமினியத் தகடுகளால் ஆன பெட்டி போன்றது. ஓட்டுநருக்குப் பின்னால் ஆறு சிலிண்டர்களும் இரண்டு டர்போக்களும் கொண்ட 2.65 லிட்டர் எஞ்சின் இருந்தது. காரின் அடிப்பாகம் கவிழ்த்து வைத்த விமானச் சிறகின் வேலையைச் செய்து, விரைந்து ஓடும்போது காரைத் தரையோடு அழுத்திப் பிடித்தது. அவ்வாண்டே லெ மானில் முதல் மூன்று இடங்களையும் 956 கார்களே பெற்றன. பின்னர்த் தனியார் குழுக்களுக்கும் அவை விற்கப்பட்டன. யோஸ்ட் குழுவினரின் 117 என்னும் எண்ணுடைய ஒரே கார், 1984, 1985 ஆகிய ஈராண்டும் லெ மானில் வென்றது.

இத்துணைச் சிறப்புடைய காரிலும் ஒரு குறை இருந்தது. அதன் பெடல்கள் முன்சக்கர அச்சுக்கும் முன்னால் அமைந்திருந்தன. நேரே மோதினால் முதலில் நசுங்கும் பகுதியில் ஓட்டுநரின் கால்கள் இருந்தன என்பதே இதன் பொருள். அமெரிக்காவின் பந்தயச் சங்கம் ஒன்று இதனை ஏற்க மறுத்தது. ஆகவே 1984-இல் முன்சக்கரங்களை 12 சென்டிமீட்டர் முன்னே தள்ளி, 962 என்னும் காரைச் செய்தார்கள். எனினும் 1985 ஆகஸ்டில் கனடாவின் மோஸ்போர்ட்டில் 962-ஐ ஓட்டிய மன்ஃபிரட் விங்கெல்ஹாக்கும், செப்டம்பர் 1-இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் 956-ஐ ஓட்டிய ஸ்டெஃபான் பெல்லோஃபும் விபத்துக்குள்ளாகி உயிர் நீத்தார்கள். பின்னர்ச் சில குழுக்கள் இன்னும் வலிய உடற்கூடுகளைத் தாமே செய்வித்துக்கொண்டன.

புதிதாக இருந்தபோதே இத்தகைய கார்களில் இத்துணை ஆபத்து இருந்ததென்றால், இன்று எவ்வளவு இருக்கும்! கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் அது ஒடிந்துவிடும் அன்றோ? உலோகங்கள் களைப்பதும் அவ்வாறே. எஃகிற்கு ஓர் எல்லை உண்டு. அதற்குட்பட்ட சுமையைப் பன்முறை ஏற்றினாலும் பெரும்பாலும் தாங்கும். அலுமினியத்திற்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை; சிறு அதிர்வும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். பெட்ரோலைத் தாங்கும் ரப்பர்ப் பையும், ஓட்டுநரைப் பிணைக்கும் வாரும் கார் ஓடாது நின்றாலும் முதுமையடையும்.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. வாங்குவோர் பழைய பாகங்களுக்கே மிகுதியாக விலை கொடுக்கின்றனர். 1985-இல் ஓடிய அதே கூடு, அதே சக்கரம் என்றால் மதிப்பு ஏறுகிறது. விலையை ஏற்றும் அந்தப் பழமையே ஓட்டுபவரின் உயிருக்கு உலை வைக்கவும் கூடும்.

பழைய வீடு வாங்குபவர் பத்திரத்தையும் பார்ப்பார், சுவரையும் தட்டிப் பார்ப்பார். காருக்கும் இவ்விரண்டும் வேண்டும். பாகங்களின்மீது சிவப்புச் சாயநீரைத் தடவித் துடைத்து வெண்பொடி தூவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சிவந்த கோடாக வெளிப்படும். பத்திரம் என்பது காரின் வரலாற்றேடு. விபத்திற்குப் பின் புதுக்கூடு பொருத்திப் பழைய எண்ணையே இட்டதும் உண்டு; ஆதலால் எண்ணை மட்டும் நம்புதல் தகாது. உலக மோட்டார்ச் சம்மேளனம் பழங்கார்களுக்கு ஒரு தொழில்நுட்பச் சான்றேடு வழங்குகிறது. அது காரின் அமைப்பு அக்காலத்து விதிகளுக்கு இயைந்தது என்று காட்டுமேயன்றி, அதன் வரலாறு மெய்யானது என்றோ, அதன் உலோகம் உறுதியானது என்றோ உறுதி கூறுவதில்லை.

அவ்வறிவிப்பின் கடைசி வரிக்கு மீண்டும் வருகிறேன். எல்லாம் பழையவையே என்று பெருமை பேசும் கார் ஒன்றும், எந்தப் பாகம் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்று வரிவரியாக எழுதிவைத்த ஏட்டோடு வரும் கார் ஒன்றும் என்முன் நின்றால், இரண்டாவதையே ஆயத்தமான கார் என்பேன். முதலாவதைக் காட்சிச்சாலையில் நிறுத்தி, அருகே சென்று கண்குளிரப் பார்ப்பேன். அதில் ஏறி ஓட்டும்படி எவரிடமும் சொல்ல மாட்டேன்.