விசிறி சுழலுகிறது, படம் வரவில்லை!

பாகங்களைத் தனித்தனியே வாங்கி, வீட்டிலேயே கம்ப்யூட்டர் பூட்டுகிறீர்கள். சுவிட்சைப் போட்டால் விசிறி சுழலுகிறது. திரையோ இருட்டு!

"மதர்போர்டு போச்சு" என்று புதிதாக வாங்க ஓடாதீர்கள். முதலில் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் பெயரைப் பாருங்கள்.

2022-ல் வந்த இன்டெல் 'ஐ5-12400', 'ஐ5-12400எப்' இரண்டுக்கும் வேகம் ஒன்றுதான். ஆனால் 'எப்' போட்டதில் படம் காட்டும் பகுதி வேலை செய்யாது. அதனால்தான் விலை குறைவு! அதற்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். கடைக்காரர் சொல்லாவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்?

கார்டு இருந்தும் இருட்டா? திரையின் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். கார்டில் செருகுங்கள்.

அப்படியும் வரவில்லையா? மின்சாரத்தை அடியோடு துண்டியுங்கள். 'ராம்' என்ற நினைவுப் பலகையைக் கழற்றி, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள்.