அசல், போலி, முத்திரை: ஒரு கைத்துப்பாக்கியை வாசித்தல்

'அசல்' என்ற சொல்லை ஓவியத்துக்கும் சுவடிக்கும் பயன்படுத்தும்போது நாம் ஒரு கையை மனதில் வைத்துக்கொள்கிறோம். வரைந்த கை, எழுதிய கை. தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் செய்துதள்ளிய பொருளில் அசல் எது? 1936இல் வெளிவந்த கட்டுரையில் வால்ட்டர் பெஞ்சமின், இயந்திர மறுவுற்பத்தியால் கலைப்படைப்பின் ஒளிவட்டம் உதிர்வதைப் பேசினார். அரிய ராணுவக் கைத்துப்பாக்கிகளின் ஏலச் சந்தையைக் கவனித்துவரும் எனக்கு, அங்கே நடப்பது இதன் தலைகீழ் என்று படுகிறது. இயந்திரம் பெற்ற பிள்ளைக்கே ஒளிவட்டம் கட்டுகிறார்கள். எப்படிக் கட்டுகிறார்கள் என்பதை ஒரே ஒரு துப்பாக்கியை வைத்துச் சொல்லிப்பார்க்கிறேன்.

அதன் பெயர் கோல்ட் வாக்கர். 1847. சாமுவேல் கோல்ட்டின் முதல் கம்பெனி 1842இல் நொடித்துப்போயிருந்தது. 1846இல் மெக்சிகோ மீது அமெரிக்கா போர் தொடுத்ததும் அவருக்கு மறுவாழ்வு வந்தது. டெக்ஸாஸ் ரேஞ்சராக இருந்த காப்டன் சாமுவேல் வாக்கர் சொன்ன மாற்றங்களோடு பெரிய ரிவால்வர் ஒன்றை வடிவமைத்து, அரசிடம் 1,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் வாங்கினார். சொந்தப் பட்டறை கிடையாது. கனெக்டிகட்டில் எலி விட்னி ஜூனியரின் தொழிற்சாலையில் செய்தார்கள். 44 காலிபர், ஆறு குண்டு, 9 அங்குலக் குழல், எடை 2 கிலோவுக்கு மேல். இடுப்பில் செருகுகிற சமாச்சாரமில்லை, குதிரைச் சேணத்தில் தொங்கவேண்டியது. அரசுக்குப் போனவை தவிர, வெளியே விற்கவும் பரிசளிக்கவும் சுமார் 100 செய்யப்பட்டன. ஆக மொத்தம் 1,100 சொச்சம். வாக்கர் 1847 அக்டோபரில் மெக்சிகோவில், வாமாந்த்லா சண்டையில் செத்துப்போனார்.

எண்ணிக்கை குறைவு, கிராக்கி அதிகம் என்றால் போலி வராமல் இருக்குமா? மூன்று வழிகளில் வருகிறது. இத்தாலியில் செய்யப்படும் நவீன நகல்கள், 1980களில் கோல்ட் பெயரிலேயே வந்த மறுபதிப்பு ஆகியவற்றின் புதுக் குறிகளை அரத்தால் ராவி, அமிலத்தில் துருவேற்றி விற்பது ஒன்று. வாக்கருக்குப் பின் வந்த, அதே சாயல்கொண்ட டிராகூன் ரிவால்வர்களை வாக்கராக மாற்றுவது இரண்டு. மூன்றாவதுதான் சிக்கலானது. உடம்பு அசல், உறுப்பு பொய். நிஜமான சட்டத்தில் புது உருளை, அழிந்துபோன எழுத்தின் மேல் மீண்டும் வெட்டிய எழுத்து.

இதைக் கண்டுபிடிப்பது ஒரு வாசிப்புமுறை. ராணுவத் துப்பாக்கிகளில் ஏ முதல் இ வரையிலான கம்பெனி எழுத்தும், அதனுடன் ஓர் எண்ணும் பல பாகங்களில் குத்தப்பட்டிருக்கும். முதலில் அந்த எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். அடுத்தது துரு. இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த தருக்கம் இருக்கிறது. 1847இல் குத்திய எழுத்தென்றால் முதலில் எழுத்து, பிறகு துரு. ஆகவே துருக்குழி எழுத்தின் ஓரத்தைத் தின்றிருக்கும். நேற்றுக் குத்தியதென்றால் முதலில் குழி, பிறகு எழுத்து. அச்சு குழியின் மேலேறி அதை நசுக்கியிருக்கும். உருப்பெருக்கிக்கடியில் எது முன், எது பின் என்று தெரிந்துவிடும். மூன்றாவது, விளிம்புகள். பழையதைப் பளபளப்பாக்கத் தேய்த்தால் மூலைகள் மழுங்கும், திருகாணித் துளையின் வாய் அகன்று குழியும். நான்காவது, உலோகம். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியை வைத்தால் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த இன்றைய எஃகு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காலத்து இரும்பில் அந்தக் கலப்பு கிடையாது.

இனி உருளைக்கு வருவோம். அதன்மேல் ஒரு சித்திரம் உருட்டிப் பதிக்கப்பட்டிருக்கிறது. 1844இல் டெக்ஸாஸ் ரேஞ்சர்கள் கோமாஞ்சி பழங்குடிகளைச் சுட்டு விரட்டும் காட்சி. செதுக்கியவர் வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி. தொழில், வங்கி நோட்டுகளுக்கு அச்சுச் செதுக்குவது. கள்ளநோட்டைத் தடுக்க நுணுக்கமாகச் செதுக்கிப் பழகிய கை, ஒரு மக்கள் கூட்டத்தின் தோல்வியை ஆயுதத்தின் முத்திரையாக்கியது. இன்று மதிப்பீட்டாளர் அந்த உருளையைத் திருப்பித் திருப்பி 'காட்சி எவ்வளவு மிச்சமிருக்கிறது' என்று பார்க்கிறார். கோமாஞ்சியின் உருவம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு விலை. இதைவிட அப்பட்டமாக ஒரு பிரதி தன் அரசியலைச் சொல்லமுடியாது.

விலைக்கணக்கைப் பாருங்கள், இன்னும் வேடிக்கை. இந்தத் துப்பாக்கியின் அறைகளில் 60 கிரெய்ன் வரை மருந்து திணிப்பார்கள். சீரில்லாத இரும்பு அதைத் தாங்கவில்லை. களத்தில் பல உருளைகள் வெடித்தன. வேறொன்றின் உருளையை மாட்டிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்த துப்பாக்கி இன்று 'எண் பொருந்தாதது', விலை இறங்கும். உண்மையிலேயே போரிட்டதற்கான தடயம்தான் அங்கே குறைபாடு! 2008இல், மெக்சிகப் போரில் இருந்த ஒரு சிப்பாயின் குடும்பவழி வந்த வாக்கர் 9,20,000 டாலருக்குப் போனது. 2018இல் இன்னொன்று 18,40,000 டாலருக்குப் போயிற்று. அது அரசுக்குப் போகாத நூறில் ஒன்று. டேனிஷ் கப்பல் தலைவர் ஒருவர் வாங்கிப்போனது, பெட்டியோடும் உபகரணங்களோடும் பிழைத்தது. போருக்கே போகாத போர்த்துப்பாக்கிக்குத்தான் உச்ச விலை. சந்தை கேட்பது வரலாற்றையல்ல, வரலாறு தீண்டாத உடம்பை.

'அப்படின்னா அசல்னு ஒண்ணுமே இல்ல, எல்லாம் கட்டமைப்புதானே' என்று நண்பர்கள் முடித்துவிடுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துருவுக்கு முன் எழுத்தா, எழுத்துக்கு முன் துருவா என்பது சொல்லாடலால் மாறுகிற விஷயமல்ல. அது நடந்தது அல்லது நடக்கவில்லை. அதையும் கட்டமைப்பு என்று கைவிட்டால், நாளைக்கு ஒரு போலிக் கல்வெட்டையோ திருத்திய போலீஸ் பதிவேட்டையோ எதிர்க்க நம் கையில் என்ன இருக்கும்? உண்மையா என்பது ஒரு கேள்வி. மதிப்பா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு உருப்பெருக்கி பதில் சொல்லும். இரண்டாவதற்கு அதிகாரமே பதில் சொல்கிறது. ஏலக்காரரின் சாமர்த்தியம், முதல் பதிலின் நாணயத்தைக் காட்டி இரண்டாவதையும் நம்மிடம் தள்ளிவிடுவதில் இருக்கிறது.

இரண்டையும் பிரித்துவிட்டால் மூன்றாவது கேள்வி ஒன்று மேலே வருகிறது. யாருடைய கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாற்றுக்கு இந்தச் சந்தையில் பெரிய மரியாதை. வாங்கியவர், விற்றவர், அவருடைய பேரன், எல்லோருக்கும் அதில் இடமுண்டு. மெக்சிகோ மக்கள் இந்த ரேஞ்சர்களை 'டெக்ஸாஸ் பிசாசுகள்' என்றார்கள். குழலின் பின்முனையில் நின்றவர்களின் பரம்பரை விலையைக் கூட்டுகிறது. முன்முனையில் நின்றவர்களின் நினைவு அந்தக் கோப்புக்குள் சான்றாகக்கூட நுழைவதில்லை. உருளைச் சித்திரத்தில் ஓடுகிற அந்தக் கோமாஞ்சிக்குப் பெயர் கேட்டவர் யாரும் உண்டா?