சட்டைப் பையில் ஒரு பேனாக்கத்தி

கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த என் தங்கை மகன், ஒரு நாள் மாலை மூன்று கத்திகளின் படங்களை என் முன் வைத்து, "மாமா, இவற்றில் எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்று கேட்டான். மூன்றும் மடக்குக் கத்திகள். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத் தக்கவை. அவன் தாவரவியல் மாணவன். செடி கொடிகளைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைகிறவன் ஒரு சிறு கத்தியை விரும்புவதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும் நான் உடனே விடை கூறவில்லை. "எதை வெட்டப் போகிறாய்?" என்று திருப்பிக் கேட்டேன். அவன் சற்று விழித்தான். கத்திகளைப் பற்றி எத்தனையோ செய்திகளைத் திரட்டி வைத்திருந்தான். வெட்ட வேண்டிய பொருளைப் பற்றி மட்டும் அவன் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

மாணவ நண்பர்களே, அவனுக்குச் சொன்னவற்றையே உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

சிறிய மடக்குக் கத்தியைப் பேனாக்கத்தி என்கிறோம். பேனா என்னும் சொல் போர்த்துகேசிய மொழி வழியாக நம்மிடம் வந்தது. இறகு என்பதே அதன் மூலப் பொருள். இறகைச் சீவி, நுனியைப் பிளந்து, மையில் தோய்த்து எழுதிய காலத்தில், எழுதுகிறவன் பக்கத்தில் ஒரு சிறு கத்தியும் இருந்தாக வேண்டும். அதுவே பேனாக்கத்தி. இறகு போய் இரும்பு முள் வந்தது; கத்திக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தச் சிறு கருவிக்கும் நம் நாட்டு எஃகுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தென்னிந்தியக் கொல்லர்கள் மூசையிலிட்டு உருக்கி எடுத்த எஃகு, ஊட்ஸ் என்ற பெயரால் ஐரோப்பியரிடையே புகழ் பெற்றிருந்தது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்னும் அறிஞர் இந்த எஃகைச் சோதித்து லண்டன் ராயல் சங்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருடைய சோதனைக்காக ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்வோர் ஊட்ஸ் துண்டு ஒன்றை அடித்து உருவாக்கியது எதைத் தெரியுமா? வாளையன்று, ஒரு பேனாக்கத்தியைத்தான். எஃகின் தரத்தைக் காட்டச் சிறு கத்தியே போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனித் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

முதலாவது கேள்வி, நான் என் மருமானிடம் கேட்ட கேள்வியே: வேலை என்ன? இதற்கு நல்ல பாடம் சுவிட்சர்லாந்துப் படைவீரனின் கத்தி. 1889ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படைக்குப் புதிய துப்பாக்கி ஒன்று வந்தது. அதைப் பிரித்துத் துடைக்கத் திருப்புளி வேண்டும். தகர டப்பாவில் அடைத்த உணவைத் திறக்க ஒரு கருவி வேண்டும். தோலிலும் துணியிலும் துளையிட ஓர் ஊசி வேண்டும். ரொட்டி அறுக்க அலகு வேண்டும். இந்த நான்கையும் ஒரே பிடிக்குள் மடக்கி வைத்ததுதான் படைவீரனின் கத்தி. முதல் தொகுதி ஜெர்மனியில் உள்ள சோலிங்கன் நகரில் செய்யப்பட்டது. இபாக் என்னும் ஊரில் 1884 முதல் கத்திப் பட்டறை நடத்திவந்த கார்ல் எல்செனர் 1891இல் தம் நாட்டிலேயே செய்து வழங்கத் தொடங்கினார். 1897இல் அவர் பதிவு செய்த அதிகாரிகளின் கத்தியில் இரண்டாவது அலகும் தக்கை திருகியும் சேர்ந்தன. பிற்காலத்தில் அதனோடு அரம், ரம்பம், கத்தரி, பூதக்கண்ணாடி என்று எத்தனையோ உறுப்புகள் சேர்ந்தன. ஆனால் மூலக் கத்தியில் இருந்தவை நான்கே. நான்கும் ஒரு தேவையின் பேரில் இருந்தவை. பத்து உறுப்புகள் கொண்ட கத்தியை வாங்கி இரண்டை மட்டும் பயன்படுத்துகிறவன், எட்டு உறுப்புகளின் கனத்தைத் தன் பையில் வீணே சுமக்கிறான்.

இரண்டாவது கேள்வி, விரித்த அலகை எது தாங்கி நிற்கிறது என்பது. இதைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இதை அறியாமல் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன்.

1988இல், நான் ஆசிரியப் பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த சமயம், கைத்தொழில் வகுப்புக்காகச் சந்தையிலிருந்து ஒரு டஜன் மடக்குக் கத்திகள் வாங்கி வந்தேன். விலை மலிவு, பளபளப்பும் இருந்தது. ஒரு மாணவன் மூங்கில் பிளாச்சில் துளையிடுவதற்காகக் கத்தியின் நுனியை ஊன்றி அழுத்தினான். நுனி மூங்கிலில் சிக்கி நின்றது. கை முன்னே போயிற்று. அலகு மடங்கி அவன் ஆள்காட்டி விரலின்மேல் மூடிக்கொண்டது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்று தையல் போட்டார்கள். மறுநாள் அவனுடைய தந்தையார் பள்ளிக்கு வந்தார். அவர் தச்சர். என்ன சொல்வாரோ என்று நான் அஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் அந்தக் கத்தியை வாங்கி, விரித்து, மடக்கி, மீண்டும் விரித்துப் பார்த்துவிட்டு, "துளை போடத் தமரூசி இருக்கிறதே ஐயா, கத்தி எதற்கு?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை இல்லை. அந்த மாணவன் இன்று நல்ல நிலையில் இருக்கிறான். ஆனால் அந்த விரல் நுனியில் உணர்ச்சி முழுவதும் திரும்பவே இல்லை.

நடந்தது என்ன என்று பாருங்கள். சாதாரண மடக்குக் கத்தியில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகுப்புறத்தில் ஒரு வில் தகடு இருக்கிறது. அது அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டு நிற்கிறது. அலகு விரிந்த நிலையிலும் மடங்கிய நிலையிலும் நிற்பதற்கு அந்த அழுத்தம் ஒன்றே காரணம். நீங்கள் ஒரு கயிற்றை அறுக்கும்போது, கயிறு அலகின் கூர்ப்பக்கத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த விசை அலகை மேலும் விரியச் செய்யும் திசையில் இருக்கிறது. மேலும் விரிய இடமில்லாததால் அலகு அசையாது நிற்கிறது. ஆகவே அறுக்கும் வேலையில் பூட்டில்லாத கத்தியும் பத்திரமானதே. ஆனால் நுனியால் குத்தும்போதும், சிக்கிய அலகை ஆட்டி இழுக்கும்போதும், முதுகின்மேல் தட்டும்போதும் விசை மடங்கும் திசைக்கு மாறிவிடுகிறது. அப்போது வில் தகட்டின் வலிமை போதாது. இந்த ஒன்றை நான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த விரல் தப்பியிருக்கும்.

பூட்டுள்ள கத்திகளில் மிக எளியது பிரான்சு நாட்டு ஒபினெல் கத்தி. சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒபினெல் என்பவர் 1890இல் இதை உருவாக்கினார். 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் செய்தார். 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர். பீச் மரப் பிடி, ஒரு அலகு, அவ்வளவே. 1955இல் இதன் கழுத்தில் சுழலும் பூண் ஒன்று சேர்க்கப்பட்டது. பூணில் ஒரு பிளவு உண்டு. பிளவு அலகுக்கு நேராக இருந்தால் அலகு மடங்கும்; பூணைச் சிறிது திருப்பிவிட்டால் அலகின் வழி அடைபட்டுவிடும். வேறு சில கத்திகளில் முதுகுப்புற நெம்புகோல் ஒன்று அலகின் வெட்டுவாயில் விழுந்து பூட்டுகிறது. இன்னும் சிலவற்றில் பிடியின் உட்தகடே பக்கவாட்டில் நகர்ந்து அலகுக்கு அடியில் முட்டுக்கொடுக்கிறது. இவ்வகையை மடக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே இருக்கும், எச்சரிக்கை வேண்டும். பூட்டு எதுவாயினும் அது கவனக்குறைவுக்குக் காப்பன்று. பூட்டும் தேயும், தூசி அடைத்தால் சரியாக விழாது.

மூன்றாவது, எஃகு. கரி மிகுந்த எஃகு எளிதில் தீட்டப்படும். நன்கு கூர் ஏறும். ஆனால் மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கினால் கறுத்துப்போகும். ஈரம் பட்டால் துருவேறும். நாம் எவர்சில்வர் என்று வழங்கும் துருவேறா எஃகில் குரோமியம் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக எஃகைப் போர்த்திக் காக்கிறது. 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி இவ்வகை எஃகு ஒன்றை வார்த்தார். அதில் குரோமியம் ஏறத்தாழ 12.8 விழுக்காடு இருந்தது. கடற்கரையோரத்திலும், வியர்வை ஊறும் சட்டைப் பையிலும் இருக்கப்போகிற கத்திக்கு இதுவே ஏற்றது. மிகக் கடினமான எஃகுதான் சிறந்தது என்று கருதிவிடாதீர்கள். கடினம் ஏற ஏற எஃகு நொறுங்கும் இயல்பும் பெறுகிறது, தீட்டுவதும் அரிதாகிறது. மாணவனுக்கு வேண்டியது வீட்டுச் சாணைக்கல்லில் தானே தீட்டிக்கொள்ளக் கூடிய அலகு.

தீட்டுவதில் கோணமே முக்கியம். கல்லுக்கும் அலகுக்கும் இடையே 15 முதல் 20 பாகை இருந்தால் போதும். அலகின் அகலம் 15 மில்லிமீட்டர் என்றால், 20 பாகைக்கு அதன் முதுகு கல்லிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். முக்கோணவியல் பாடத்தில் சைன் அட்டவணை எதற்கு என்று கேட்கும் மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மழுங்கிய கத்தியே ஆபத்தானது என்பதையும் நினைவில் வையுங்கள். கூர் இல்லாதபோது கை கூடுதலாக அழுத்துகிறது. வழுக்கினால் அந்த அழுத்தம் முழுவதும் விரலின்மேல் வந்து விழுகிறது.

நான்காவது, அளவும் இடமும். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் உழவுக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என்று அமைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுச் சட்டமோ, கூர்ப்பகுதி 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியை மட்டுமே காரணமின்றி வெளியில் கொண்டுபோக இடம் தருகிறது. பூட்டுள்ள கத்தி அந்தச் சலுகைக்கு உரியதன்று என்பது பின்னர் வந்த தீர்ப்பு. விரலுக்குக் காப்பாகும் பூட்டே சட்டத்தின் கண்ணில் ஐயத்துக்கு இடமாவதைப் பாருங்கள். சட்டம் அனுமதிக்கும் அளவுடைய கத்தியாயினும், பள்ளிக்கும் தேர்வுக் கூடத்துக்கும் அதைக் கொண்டுபோகலாகாது. விமானத்தில் கைப்பையில் வைத்தால் பறிமுதல் ஆகும். வயதில் இளையவர்கள் பெற்றோரிடம் சொல்லாமல் கத்தி வாங்கவே கூடாது.

ஜப்பானில் ஹிகோனோகாமி என்றொரு மடக்குக் கத்தி உண்டு. மடித்த தகட்டுப் பிடி. வில் தகடும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வெட்ட வேண்டும். ஒரு காலத்தில் பள்ளிச் சிறுவர்கள் பென்சில் சீவியது இதனால்தான். 1960 அக்டோபரில் அரசியல் தலைவர் அசனுமா இனெஜிரோ மேடையிலேயே பதினேழு வயது இளைஞன் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். அவன் கையிலிருந்தது பேனாக்கத்தியன்று, ஒரு குறுவாள். ஆயினும் அதன்பின் சிறுவர் கையில் கத்தியே கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவிற்று. சிறு கத்தியும் மறைந்துகொண்டு வந்தது. அஞ்சிய பெற்றோரை நான் குறை கூறமாட்டேன். ஆனால் கத்தியைக் கருவியாகக் கற்பிப்பார் இல்லாதபோது, அதை ஆயுதமாக மட்டுமே இளைஞர் அறிவர் என்பதும் உண்மை. தற்காப்புக்கென்று கத்தி வைத்துக்கொள்ள எண்ணுகிறவன் அதை வாங்காமலிருப்பதே நலம். சினத்திலோ அச்சத்திலோ எடுக்கப்படும் கத்தி யாரைக் காயப்படுத்தும் என்பதை எடுத்தவனாலேயே சொல்ல முடியாது.

என் மருமானுக்கு ஒரு வார அவகாசம் கொடுத்து, கத்தி வேண்டியிருந்த வேலைகளைக் குறித்துவரச் சொன்னேன். செடியின் காம்பு, பொட்டலக் கயிறு, பென்சில், கொய்யாப் பழம், ஒட்டு நாடா, வேரிலிருந்த மண்ணைச் சுரண்டியது, காகிதச் சீட்டு: இவையே பட்டியல். பாதி வேலைக்குக் கத்தரியே போதுமென்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். படத்திலிருந்த மூன்றையும் விட்டுவிட்டு, இரண்டு அங்குலத்துக்குச் சற்று மிகுந்த எவர்சில்வர் அலகும், சிறு கத்தரியும், துளையிடும் ஊசியும் கொண்ட பூட்டில்லாத கத்தி ஒன்றை அவன் வாங்கினான். தச்சர் என்னைக் கேட்ட கேள்வியை அவனுக்குச் சொல்லியிருந்தேன். ஊசி இருக்கிறதா என்பதைத்தான் கடையில் அவன் முதலில் பார்த்தானாம்.

அவனிடம் வேறு இரண்டு பழக்கங்களை மட்டும் கேட்டுக்கொண்டேன். வெட்டும்போது அலகு போகும் வழியில் மற்றக் கை இருக்கக் கூடாது. பிறரிடம் கொடுக்கும்போது மடக்கியே கொடுக்க வேண்டும். கத்தியைக் கொண்டுவந்து என்னிடம் காட்டியபோது, அவன் அதை மடக்கியே நீட்டினான்.